கசியும் ஊசி

மழைக்காலம் முடிந்து, பட்டறைக் கூரைத் தகரம் காய்ந்து, சுவரில் ஏறிய ஈரம் இறங்கத் தொடங்கும் சமயத்தில் அந்தப் பெட்டி வரும். பார்சல்காரர் வாசலில் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடிப்பார். முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சி எழுந்திருக்கக்கூட மாட்டாள். மிதிக்கிற காலை நிறுத்தாமலேயே, "அக்கா, உன் வீட்டுக்காரர் வந்திருக்காரு" என்று உள்பக்கம் குரல் கொடுப்பாள். வந்திருப்பது ஒரு மரப்பெட்டி. அதற்குள் பழைய துணியில் சுற்றிய ஒரு கார்புரேட்டர் இருக்கும், வேறொன்றும் இருக்காது. நலம், நலமறிய ஆவல் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் அந்த மனிதருக்குக் கை ஒடிந்துவிடுமா என்று தங்கச்சி தவறாமல் கேட்பாள். அக்கா பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவாள்.

அவளை மெக்கானிக்கம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சின்ன விமானங்களின் எஞ்சின்களோடு முப்பது வருஷத்துக்கு மேல் மாரடித்தவள். இப்போது வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு, கார்புரேட்டர்களை மட்டும் வீட்டுக்கு வரவழைத்துப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுக்கிறாள். எங்கெங்கிருந்தோ வரும். ஆனால் மற்றவர்களுடையதைப் பட்டறைக் கதவைத் திறந்துபோட்டுத்தான் பிரிப்பாள். இந்த ஒரு பெட்டியைத் திறக்கும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்வாள்.

எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் என்பது வருஷா வருஷம் பிரித்து மாட்ட வேண்டிய சாமான் இல்லை. ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் பல வருஷம் பேச்சுமூச்சு இல்லாமல் கிடக்கும். பின்னே இது மட்டும் ஏன் வருஷம் தவறாமல் வந்தது என்றால், மெக்கானிக்கம்மா செய்த வேலைதான். பூசி மெழுகாமல் சொல்லிவிடலாம்.

கார்புரேட்டரின் அடிவயிற்றில் பெட்ரோல் நிற்க ஒரு கிண்ணம் உண்டு. அதில் ஒரு பித்தளை மிதவை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து எப்படியோ அப்படித்தான். பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறி, விரல்நகத்தளவு ஊசி ஒன்றைத் துளைக்குள் தள்ளி பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். அந்தக் காலத்து ஊசி எஃகு, துளையோ பித்தளை. எஞ்சின் அதிர அதிர எஃகு பித்தளையைத் தின்னும். ஒரு வருஷம் ஓடினால் துளையின் வாயில் வளையமாகத் தேய்ந்து, விமானம் சும்மா நிற்கும்போது பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக் கசியத் தொடங்கும். நுனியில் ரப்பர் மாதிரி மெத்தென்ற பொருள் வைத்த ஊசி சந்தைக்கு வந்து எவ்வளவோ காலமாகிறது. அதைப் போட்டால் கசிவு என்ற பேச்சே கிடையாது. வேறு யாருடையது வந்தாலும் அவள் அதைத்தான் போடுவாள். இந்தப் பெட்டிக்கு மட்டும் எஃகு ஊசி. துளையின் வாயைச் சீராகத் தேய்த்து, ஊசியைப் பொருத்தி, கீழே வெள்ளைத்தாள் விரித்து ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்து, சொட்டவில்லை என்று உறுதியானபின் அனுப்பிவைப்பாள். அடுத்த மழை வரை தாங்கும். பிறகு கசியும். பெட்டி வரும்.

அபாயம் இல்லையா என்று தங்கச்சி ஒருமுறை கேட்டாள். அவளுக்கே வெகுநாள் கழித்துத்தான் விஷயம் தெரியும். அபாயம்தான், ஆனால் அந்த மனிதர் காலையில் விமானத்தைத் தொடுவதற்கு முன் கீழே குனிந்து தரையைத் தடவி விரலை மோந்து பார்க்கிறவர். ஒரு சொட்டு விழுந்தாலும் கண்டுபிடித்துவிடுவார், பெட்ரோல் குழாயை மூடி வைப்பார், கழற்றி அனுப்பிவிடுவார். அந்த நம்பிக்கையில்தான் அவள் இத்தனையும் செய்தாள்.

கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தால், அவர் எழுதாததையெல்லாம் அந்தக் கார்புரேட்டர் சொல்லும். வடிகட்டி வலையில் சிவப்புத் தூசி இருந்தால், மண் திடலில் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறார். உலோகத்தில் வெள்ளைப் பூ பூத்திருந்தால், கடல் பக்கம் சுற்றியிருக்கிறார். ஒரு வருஷம் காற்று வரும் வாயில் புல்விதை ஒட்டியிருந்தது. அதை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டு அன்றைக்குச் சாப்பாட்டுக்கே எழுந்திருக்கவில்லை. திருகாணிகள் கழன்று போகாமலிருக்க மெல்லிய கம்பியால் கட்டி முறுக்கி வைப்பார்கள், அதற்கு லாக் வயர் என்று பேர். அவர் இடதுகைக்காரர். ஊர் உலகமெல்லாம் வலப்பக்கம் முறுக்கினால் அவர் முறுக்கு இடப்பக்கம் போகும். அந்த முறுக்கை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவாள்.

அப்புறம் ஒரு சண்டை. விமானம் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் குடிக்கலாம் என்பதை ஒரு சின்னத் திருகாணி தீர்மானிக்கும். அவள் அதைச் சிக்கனமாக வைத்து அனுப்புவாள். அவர் அரைச் சுற்றுக் கூடுதலாகத் திறந்து வைத்துக்கொள்வார். மறுவருஷம் அவள் அதை மூடுவாள், அவர் மறுபடி திறப்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இரண்டு பேரும் நின்றார்கள். ஒரே வீட்டில் இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும் சண்டை அது.

ஒரே வீட்டில் ஏன் இல்லை என்பது உப்புச்சப்பில்லாத கதை. அந்த விமானத்தை அவர் வாங்கிய நாள். துணி போர்த்திய இறக்கை, அடுத்தடுத்து இரண்டே இருக்கை, அவள் பிறப்பதற்கு முன்பே பிறந்த விமானம். திடலில் இருந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க, அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவளை ஏறச் சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே, "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவ நான், நான் ஏற மாட்டேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தன்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டாரோ, சபையில் சொன்னதை அவமானமாக எடுத்துக்கொண்டாரோ, மறுபடி அவளைக் கூப்பிடவே இல்லை. அவளும் கூப்பிட்டால் ஏறலாம் என்று காத்திருந்தாள். சில வருஷம் கழித்துத் தூரத்தில் ஒரு திடலில் வேலை கிடைத்ததென்று விமானத்தோடு போனார். வா என்று அவர் சொல்லவில்லை, வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் சமாதானமாகலாம். சண்டையே போடாமல் பிரிந்தவர்கள் எதை வைத்துச் சமாதானமாவது?

ஓடாத விமானங்களில் ஆயிரம் தடவை உட்கார்ந்திருக்கிறாள், பறக்கும் விமானத்தில் ஒரு தடவைகூட இல்லை. தலைக்கு மேல் ஏதாவது சின்ன விமானம் போனால் இன்றைக்கும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பாள். அவர் வேண்டும், பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும், இன்னொரு தடவை அவர் வாயால் ஏறு என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை. இதைத் தங்கச்சியிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த வருஷம் மழை விட்டது. தகரம் காய்ந்தது. பெட்டி வரவில்லை.

முதலில் பார்சல் கம்பெனியைத் திட்டினாள். அப்புறம் அங்கே மழை இன்னும் விடவில்லையாக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்புறம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒழுங்காக ஓடுகிற மற்றவர்களின் கார்புரேட்டர்களை எடுத்துவைத்துக்கொண்டு தேவையில்லாமல் துடைத்தாள். கைத்தொலைபேசி மேசையில் கிடந்தது, அவர் எண்ணும் அதில் இருந்தது. ஒரு போன் போட்டால் முடிந்துபோகும் என்று தங்கச்சி சொன்னாள். இத்தனை வருஷம் பேசாமல் இருந்தவளுக்கு அந்தப் பொத்தானை அமுக்குவது மலையைப் புரட்டுகிற மாதிரி இருந்தது. போனை எடுப்பது வேறு யாராவதாக இருந்தால் என்ன செய்வது என்றும் பயந்தாள்.

அந்தப் பயத்தோடு இருந்த ஒரு காலையில் ஹார்ன் சத்தம் கேட்டது. தங்கச்சி குரல் கொடுக்கவில்லை. எழுந்து வந்து பட்டறை வாசலில் நின்று, "பெட்டி வந்திருக்கு. கூட ஒரு ஆளும் வந்திருக்காரு. அத்தான் இல்ல" என்றாள்.

வந்தவர் பல் டாக்டர். பொறுமையான, சதைப்பிடிப்பான மனிதர், குனிந்து குனிந்து பார்த்தே கழுத்து முன்னால் வந்திருந்தது. பெட்டியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அந்த விமானத்தைத் தான் வாங்கியிருப்பதாகவும், பறக்கக் கற்று உரிமம் எடுத்து இரண்டு வருஷமாக ஒரு பழைய விமானத்துக்கு அலைந்ததாகவும் சொன்னார். "இதை உங்களைத் தவிர யாரும் திறக்கக் கூடாதுன்னு பெரியவர் கண்டிச்சு சொல்லிட்டாரு. மீறித் திறந்தா உங்க பல்லை நான் பிடுங்குவேன்னாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து துணியை விலக்கியிருந்தாள். அடித் திருகாணியின் லாக் வயர் வலப்பக்கம் முறுக்கியிருந்தது. அழகான, ஒரே சீரான, யாரோ ஒருவருடைய முறுக்கு. அரைச் சுற்றுச் சண்டைத் திருகாணியைப் பார்த்தாள். போன வருஷம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. கிண்ணத்தின் ஓரத்தில் பெட்ரோல் வற்றிப் பிசின் மாதிரிக் காய்ந்து பிடித்திருந்தது. மாதக்கணக்கில் ஓடவில்லை. அவர் கை இதன்மேல் படவே இல்லை. விமானத்தை வேறு விற்றாயிற்று.

விற்றது அவரா, அவருக்குப் பின்னால் வந்தவர்களா? பெரியவர் சொன்னார் என்கிறாரே, எப்போது சொன்னார்? உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். ஆனால் அவளுக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான்.

"இந்த வயரை முறுக்கினது யாரு?"

"அதுவா? பக்கத்து ஷெட்டுக்காரர்" என்றார் டாக்டர். "பெரியவருக்குத்தான் கண்ணு தெரியலையே. போன வருஷத்துலேர்ந்தே அவர் கைவைக்கிறதில்ல."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். புருஷனுக்குக் கண் போனது என்று கேட்டு நிம்மதிப்பட்ட பெண்டாட்டி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த நிம்மதி வந்த வேகத்தில் அவமானமும் வந்தது. தங்கச்சி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

டாக்டர் விவரம் சொன்னார். பார்வையில் நடுப்பாகம் மட்டும் மங்கிவிட்டதாம், ஓரத்தில் தெரியுமாம். யார் முகத்தையாவது பார்க்க வேண்டுமென்றால் அந்த ஆளுக்குப் பக்கத்தில் இருக்கிற சுவரைப் பார்ப்பாராம், அப்போதுதான் முகம் தட்டுப்படுமாம். பறக்கும் உரிமத்தைத் தானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது ஷெட்டில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு விமானத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறார். விமானம் போனபின் எங்கே கிடப்பார் என்று டாக்டருக்குத் தெரியவில்லை, கேட்கவும் மனம் வரவில்லை.

அவள் கிண்ணத்தைப் பிரித்தாள். ஊசி உட்காரும் துளையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கத் தலையைச் சாய்த்துச் சாய்த்து முயன்றாள். டாக்டர் சட்டைப் பையிலிருந்து, பல்லைப் பார்க்கிற நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். ஓட்டை என்றால் பல்லானால் என்ன, பித்தளையானால் என்ன என்றார். அதில் பார்த்தபோது துளையின் வாயில் விழுந்திருந்த வளையம் நிலா மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் இந்த யோசனை தனக்கு வரவில்லையே என்று ஆச்சரியப்பட்டாள்.

போகும்போது டாக்டர் ஒன்று கேட்டுக்கொண்டார். "சொட்டாம மட்டும் பண்ணிக் கொடுத்துடுங்கம்மா. எங்க ஷெட்டு வீட்டை ஒட்டினாப்புல. பேரப்பிள்ளைங்க ஓடியாடுற இடம். இனி உங்களைத் தொந்தரவு பண்ணாத மாதிரி செஞ்சிடுங்க."

நல்ல மனிதர். நல்ல மனதோடுதான் சொன்னார். அது அவளுக்கு எங்கே போய்க் குத்தும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கும் மறுநாளும் அவள் அந்தக் கார்புரேட்டரோடு இருந்தாள். காய்ந்த பிசினை ஊறவைத்துக் கரைத்தாள். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே நூல்போல ஓடும் துளைகளில் காற்றை ஊதிப் பார்த்தாள். மிதவையை வெந்நீரில் அமுக்கினாள், ஓட்டை இருந்தால் குமிழி வரும், வரவில்லை. மூட்டுகளில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட்டுகளை மாற்றினாள். எல்லாம் முடிந்து ஊசி ஒன்றுதான் பாக்கி. இழுப்பறையைத் திறந்து எஃகு ஊசி ஒன்றையும் மெத்தென்ற நுனி வைத்த ஊசி ஒன்றையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தங்கச்சி வந்து பார்த்தாள். புரிந்துகொண்டாள். "எப்பவும் போடுறதையே போட்டுடேன்க்கா. அடுத்த வருஷமும் டாக்டர் வருவாரு. அத்தான் சேதியாவது தெரியும்."

"சொட்டினா குனிஞ்சு தடவிப் பாக்குற ஆளுக்குத்தான் அதைப் போடலாம்" என்றாள் அக்கா.

டாக்டருக்குத் தரையைத் தடவத் தெரியாது. சூடான எஞ்சினுக்கடியில் ஒரு சொட்டு, சுற்றிலும் ஓடியாடும் பிள்ளைகள். தவிர, அப்படியே பெட்டி திரும்பி வந்தாலும் அதில் யாருடைய தூசி இருக்கும்? திருகாணியை அரைச் சுற்றுத் திறந்து வைத்துச் சண்டை பிடிக்க யார் இருப்பார்கள்? அவளுக்கு வேண்டியது பெட்டி இல்லை. இது தெரிய இத்தனை வருஷம் ஆயிற்று என்பதை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மெத்தென்ற ஊசியைப் பொருத்தினாள். வெள்ளைத்தாள் விரித்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வைத்துப் பார்த்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

டாக்டர் வாங்கிப்போக வந்தபோது, பெட்டியைக் கொடுக்காமல், தானே வந்து மாட்டித் தருவதாகச் சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டார். அன்றைக்கே மாட்டிவிட்டால் விமானத்தைத் தன் ஊருக்கு ஓட்டிப்போய்விடுவதாகவும், தன் டிரைவர் அவளைத் திரும்பக் கொண்டுவந்து விடுவாரென்றும் சொன்னார். அவள் திடலில் வேலை பார்த்த நாளிலிருந்தே போடும் வேலைக்கோட்டை மாட்டிக்கொண்டாள். பல மாதமாக அறுந்து கிடந்த மேல்பொத்தானைத் தங்கச்சி எப்போது தைத்தாள் என்று தெரியவில்லை. காரில் வழி நெடுக பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

திடல் என்று சொல்லப்பட்டது ஒரு நீளப் புல்வெளியும், வரிசையாக நாலைந்து தகர ஷெட்டுகளும்தான். கடைசி ஷெட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே விமானம் மூக்குத் தகடு கழற்றி நின்றது. பக்கத்தில் ஒரு கட்டில், மடித்த போர்வை, அடுப்பில் ஒரு கெட்டில். கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. தோள் இறங்கிவிட்டது. அவள் வாசலில் வந்து நின்றதும் நிமிர்ந்தார், உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வந்தது தப்பு என்று அவளுக்குச் சுருக்கென்றது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பலாமா என்றுகூட நினைத்தாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவர் திருப்பிக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அவளைப் பார்க்கிறார்.

"கோட்டு அதே கோட்டா?" என்றார்.

"அதே கோட்டுதான்" என்றாள். வருஷக்கணக்கில் பேசாத இரண்டு பேர் பேசிக்கொண்டது அவ்வளவுதான். பிறகு வேலை இருந்தது, நல்லவேளை.

அவர் டார்ச் பிடித்தார். அந்தக் காலத்திலும் அவர் டார்ச் பிடிக்கிற லட்சணம் ஊரறிந்தது, அவள் கை ஓரிடத்தில் இருந்தால் வெளிச்சம் வேறிடத்தில் இருக்கும். இப்போது கண் தெரியாமல் பிடித்தும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அதை அவள் சொன்னாள். அவர் தோள் குலுங்கியது. நாலு போல்ட்டையும் இறுக்கி, குழாய்களையும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் கம்பியையும் மாட்டியபின், லாக் வயரை அவரிடம் நீட்டினாள். அவர் விரலால் துளையைத் தேடி, கம்பியைக் கோத்து, கண்ணை மூடிக்கொண்டு முறுக்கினார். முறுக்கு இடப்பக்கம் போனது.

விமானத்தை வெளியே தள்ளி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அவள் உள்ளே ஏறி உட்கார, டாக்டர் மூக்கிலுள்ள விசிறியைக் கையால் சுற்றிவிட்டார். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெரியவர் இறக்கையைத் தாங்கும் கம்பத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். எஞ்சின் சூடானதும் ஜன்னல் பக்கம் வந்து அரைச் சுற்று என்று விரலால் காட்டினார். எஞ்சினை நிறுத்தி, இறங்கி, அந்தத் திருகாணியை அரைச் சுற்றுத் திறந்துவிட்டாள். மறுபடி ஓடவிட்டபோது அவர் சொன்னதுதான் சரி என்று அவளுக்கே கேட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

எல்லாம் முடிந்து எஞ்சின் அடங்கி, மூக்குத் தகட்டையும் மாட்டியபின், டாக்டர் தன் பையையும் வரைபடத்தையும் எடுக்கக் காருக்குப் போனார். பெரியவர் மெதுவாகக் குனிந்து மூக்குக்கடியில் தரையைத் தடவினார். விரலை மோந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி தடவினார்.

"சொட்டல" என்றார்.

"சொட்டாது."

"புதுசு போட்டுட்ட."

புது ஊசி போட்டது இவருக்கெப்படித் தெரியும் என்று அவள் திகைத்தாள். அவர் ஷெட்டுக்குள் போய் அலமாரியைக் கையால் தடவி, ஒரு பழைய தகர டப்பாவை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். திறந்து பார்த்தாள். குட்டிக் குட்டி பிளாஸ்டிக் உறைகள், ஒன்றையும் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் மெத்தென்ற நுனி வைத்த ஊசி.

"முதல் வருஷமே சாமான் கடைக்காரன் கொடுத்தான்" என்றார். "இதைப் போடுங்க, ஆயுசுக்கும் சொட்டாதுன்னான். போறப்பல்லாம் ஒண்ணைக் கையில திணிச்சிடுவான்."

"அப்ப ஏன் மாட்டல?"

"மாட்டினா, பெட்டிக்கு என்ன வேலை?"

அவளுக்கு முதலில் வந்தது கோபம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் இது, அதுவும் இரண்டு பக்கமும். இவள் தெரியாமல் செய்வதாக நினைத்து வருஷா வருஷம் கசிகிற ஊசியைப் போட்டிருக்கிறாள். அவர் தெரிந்துகொண்டே அதைக் கசியவிட்டு, கழற்றி, துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறார். இரண்டு பேரில் ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் என்ன குடியா முழுகிப்போயிருக்கும்? டப்பாவைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. எறியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவருக்குத் தெரியாது என்று துடைக்காமல் நின்றாள்.

டாக்டர் வந்தார். கிளம்புவதற்கு முன் அவளை ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போய்வரட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"வேணாம் டாக்டர். ஏறினா இவரோட ஏறணும்னு இருந்தேன்."

சொல்லிவிட்டாள். எத்தனையோ வருஷம் தொண்டையில் நின்றது, யாரோ ஒரு பல் டாக்டருக்குப் பதிலாக வெளியே வந்து விழுந்தது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார, அவள் விசிறியைச் சுற்றிவிட்டு, சக்கரக் கட்டையை எடுத்தாள். பெரியவர் இறக்கைக் கம்பத்தில் வைத்த கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

விமானம் புல்வெளியில் ஓடி, தடுமாறி, எழும்பியது. அவள் கண்ணால் பார்த்தாள், அவர் காதால். எஞ்சின் சத்தம் சுத்தமாக, ஒரு பிசிறும் இல்லாமல் போனது. கேட்கிறதா கேட்கவில்லையா என்று தெரியாத நிலைக்கு வந்தபின்னும் அவர் தலையைச் சாய்த்துக்கொண்டே நின்றார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

ஷெட்டுக்குள் வந்தார்கள். விமானம் நின்ற இடம் வெறுமையாக, எண்ணெய்க் கறையோடு கிடந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்தார். மரப்பெட்டி காலடியில் இருந்தது. குனிந்து அதன் மூடியைத் தடவினார். அதன்மேல் அவள் பேனாவால் அழுத்தி எழுதிய அவள் வீட்டு விலாசம் இருந்தது, போகிற விலாசமும் வருகிற விலாசமும் மாறி மாறி ஒட்டிப் பிய்த்த காகிதத் தழும்புகளும் இருந்தன.

"இனிமே எதை அனுப்புறது?" என்றார்.

வாசலில் டிரைவர் ஹார்ன் அடித்தார். பொழுது சாய்வதற்குள் கிளம்ப வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"சாமானை அனுப்பினது போதும்" என்றாள். "நீங்க வாங்க."

"கண்ணு தெரியாதவன் அவ்வளவு தூரம் எப்படி வர்றது?"

"பெட்டிக்குக் கண்ணா இருந்துச்சு? வருஷா வருஷம் வந்துச்சே."

அவர் முகத்தை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பினார். ஹார்ன் மறுபடி அடித்தது. அவர் முகத்தைத் திருப்பியபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், தன் முகத்தை நன்றாகப் பார்க்கட்டும் என்று அவளும் அசையாமல் நின்றாள்.